ஃபில்லிங்கா, கேப்பா, நடுவில் ஆன்லேயா?

என் வாயில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் கேப். வலது பக்கத்தில் அதே பல்லில் ஆன்லே. ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் அவை. ஒரே சமயத்தில் முளைத்து, ஒரே சமயத்தில் சொத்தையாகி, ஒரே மாதிரி வெள்ளி அடைப்பு வாங்கிக்கொண்டவை. இடது பல்லின் ஓரம் உடைந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. "கேப் போட்டுடலாம்" என்றார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு தலையாட்ட முடியுமோ அவ்வளவு ஆட்டினேன். சில ஆண்டுகள் கழித்து வலது பல் உடைந்தபோது கொஞ்சம் படித்துவிட்டு, கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஆன்லே பண்ணலாம்" என்று மருத்துவர் சொன்னது முதலில் ஆன்லைன் என்றே காதில் விழுந்தது. பல்லை ஆன்லைனில் எப்படி அடைப்பார்கள் என்று ஒரு கணம் குழம்பினேன். பலருக்கும் இந்தப் பெயர்களே பழக்கமில்லை. நமக்குத் தெரிந்தது இரண்டுதான்: சின்ன ஓட்டை என்றால் அடைப்பது, பெரிதாக உடைந்தால் கேப் போடுவது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம்தான் இன்லேயும் ஆன்லேயும்.

கடைவாய்ப் பல்லின் மேல் நாக்கை ஓட்டிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடுகளை முகடு என்று வைத்துக்கொள்வோம். ஃபில்லிங் என்பது குழைவாக இருக்கும் பொருளை ஓட்டைக்குள் வைத்து வாயிலேயே இறுக விடுவது. இன்லே அப்படியில்லை, பல்லின் குழிக்கு அளவெடுத்து, வெளியே கெட்டியான துண்டாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுவது. அது முகடுகளுக்கு இடையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதே துண்டு ஒரு முகட்டின் மீதாவது ஏறி அதை மூடினால் ஆன்லே. எல்லா முகடுகளையும் மூடினால் ஓவர்லே என்பார்கள், ஆனால் பேச்சில் அதையும் ஆன்லே என்றே சொல்லிவிடுவது உண்டு. கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் சீவிக் குறுக்கி, ஈறு வரை இறங்கும் தொப்பியை மாட்டுவது.

மிச்சம் எவ்வளவு?

எந்தச் சிகிச்சை என்பதை ஓட்டையின் அளவு முடிவு செய்கிறது என்று நினைப்போம். உண்மையில் மிஞ்சியிருக்கும் சுவர்கள்தான் முடிவு செய்கின்றன. பக்கத்துப் பல்லைத் தொடும் இரண்டு ஓரங்களிலும், பல்லின் மேல்விளிம்பில் வரப்பு மாதிரி எனாமல் ஓடுகிறது. வயலுக்கு வரப்பு எப்படியோ, பல்லுக்கு அது அப்படி. இரு பக்கச் சுவர்களையும் விலகாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான்.

1989ல் வந்த ஓர் ஆய்வை பல் மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக வெட்டி, விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். வேர் சிகிச்சைக்காக நடுவில் துளை போட்டதில் குறைந்தது 5 சதவீதம்தான். வரப்பைத் தொடாமல் மேற்பரப்பில் குழி வெட்டியபோது 20 சதவீதம். இரண்டு வரப்பையும் உடைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வாய்க்கால் மாதிரி வெட்டியபோது 63 சதவீதம் போய்விட்டது.

அப்படிப்பட்ட வாய்க்கால் வெட்டிய பல்லில் ஒவ்வொரு கடிக்கும் இரண்டு சுவர்களும் மயிரிழை அளவு விலகி மறுபடி சேர்கின்றன. நடுவில் இருக்கும் அடைப்பு ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. இது வருடக்கணக்கில் நடக்கிறது. அப்புறம் ஒரு நாள் ரொட்டித் துண்டை மெல்லும்போது "டக்". ரொட்டியா பல்லை உடைத்தது என்று ஆச்சரியப்படுவோம். பல் எப்போதோ விரிசல் விட்டாயிற்று, ரொட்டி மேல் பழி விழுகிறது.

ஆகவே மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும்: குழியின் அகலம், எதிரெதிர் முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சுவர்களை நம்பலாம். பாதியைத் தாண்டினால் முகட்டை மூடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நிற்கும் சுவர் அடிப்பக்கத்தில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலும் அப்படித்தான். கடியின் பாரத்தை நேரடியாக வாங்கும் முகடு என்றால் இன்னும் கொஞ்சம் தடிமன் எதிர்பார்ப்பார்கள். இவை கல்லில் எழுதிய விதிகள் அல்ல, மருத்துவருக்கு மருத்துவர் மாறும். ஆனால் "என் பல்லில் எத்தனை சுவர் நிற்கிறது, எவ்வளவு தடிமன்?" என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

எனக்கு அது படமாகவே கிடைத்தது. வலது பல்லில் இருந்த பழைய வெள்ளி அடைப்பைத் துண்டு துண்டாக எடுத்த பிறகு, பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டுத் திரையில் காட்டினார். குழியின் அடித்தளம் பழுப்பாக இருந்தது. கன்னப்பக்கச் சுவர் தடிமனாக, தந்தம் மாதிரி நின்றது. நாக்குப்பக்கத்தில் ஒரு முகடு உடைந்தே போயிருந்தது. அதன் பக்கத்து முகட்டின் அடியில் கருப்பு நூல் விழுந்த மாதிரி ஒரு கோடு. "இது விரிசல். இந்த முகட்டை மூடாம விட்டா அடுத்து இதுதான் போகும்" என்றார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு ஃபில்லிங் வைத்தால் போதாதா என்ற கேள்வி எனக்கே எழவில்லை.

ஃபில்லிங் எதுவரை போதும்?

பெரும்பாலான சொத்தைகளுக்கு நேரடி ஃபில்லிங் போதும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இது ஆன்லேக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமல்கம், வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தோடு குழைத்தது. எடையில் பாதியைச் சுற்றிப் பாதரசம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணம் கட்டாயப்படுத்தும் சில நேரங்களைத் தவிர, அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. மற்ற இடங்களிலும் அது மெல்ல மறைந்துவருகிறது. இன்றைய ஃபில்லிங் என்றால் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்ற பிசின் கலவை. எனாமலை அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் 1955ல் காட்டியதுதான் அதன் அஸ்திவாரம். இன்லே, ஆன்லே ஒட்டுவதும் அதே அஸ்திவாரத்தில்தான்.

காம்போசிட்டின் பலவீனம், இறுகும்போது சுருங்குவது. கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் பெரிய குழியில் மொத்தமாக வைத்து, இறுக வைக்கும் விளக்கை அடித்தால் அந்தச் சுருக்கம் சுவர்களை உள்ளே இழுக்கும், அல்லது விளிம்பில் விட்டுப்போய் இடுக்கு விழும். அதனால்தான் 2 மில்லிமீட்டர் அளவுள்ள அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் இறுக்குகிறார்கள். ஒரே அடுக்கில் 4 மில்லிமீட்டர் வரை வைக்கக்கூடிய வகைகளும் வந்துவிட்டன. இன்லேயோ ஆன்லேயோ வெளியிலேயே இறுகி முடித்து வருவதால், சுருங்குவது ஒட்டும் பசையின் மெல்லிய படலம் மட்டும்தான்.

இன்னொரு தலைவலி, பக்கத்துப் பல்லோடு சேரும் இடம். ஃபில்லிங் வைக்கும்போது மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றி, ஆப்பு செருகி, அந்தத் தொடுபுள்ளியை வாய்க்குள்ளேயே உருவாக்க வேண்டும். கை தேர்ந்தவர் செய்தால் அற்புதமாக வரும். கொஞ்சம் இடைவெளி விட்டுப்போனால், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பல்குச்சி தேடும் வாழ்க்கைதான். வெளியே செய்யும் துண்டில் அந்த வளைவை நிதானமாக அமைக்கலாம்.

சரி, அப்படியானால் இன்லே ஃபில்லிங்கைவிட மேலானதா? இங்கேதான் எனக்குத் தயக்கம். இன்லேயை மேலிருந்து குழிக்குள் இறக்க வேண்டும் என்பதால், குழியின் வாய் அடியைவிட அகலமாக இருந்தாக வேண்டும். சொத்தையோ உள்ளே குடைந்து பரவும். வாய் சிறிதாக, உள் அகலமாக இருக்கும். துண்டு இறங்குவதற்கு வழிவிட, ஒன்று அந்த உட்குடைவைப் பிசினால் அடைத்துச் சமப்படுத்த வேண்டும், அல்லது நல்ல பல்லைக் கொஞ்சம் சீவ வேண்டும். ஃபில்லிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. போதாக்குறைக்கு, காம்போசிட்டால் செய்த இன்லேயையும் நேரடிக் காம்போசிட் ஃபில்லிங்கையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஆயுளில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. இன்லேக்குச் செலவு கூடுதல், நேரம் கூடுதல், முகட்டுக்குப் பாதுகாப்பு மட்டும் இல்லை. நல்ல ஃபில்லிங்குக்கும் நல்ல ஆன்லேக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பரிதாபமாக நிற்கிறது அது. பல்லிடுக்கில் பெரிய குழி, ஆனால் நான்கு முகடுகளும் தடிமனாக நிற்கின்றன. அல்லது வரிசையாக மூன்று பற்களை ஒரே நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற நிலைகளில் இன்லே கைகொடுக்கும். மற்றபடி, சுவர்கள் நன்றாக இருக்கும்போது யாராவது இன்லே சொன்னால், நேரடி ஃபில்லிங் ஏன் போதாது என்று கேட்பதில் தவறில்லை.

கேப் எடுத்துக்கொள்வது

என் இடது பல்லுக்குத் திரும்புகிறேன். அங்கே உடைந்தது ஒரு முகடு மட்டும். மீதி எல்லாம் நன்றாகவே இருந்தன. கேப் மாட்ட வேண்டும் என்பதற்காக அவற்றையும் சுற்றிலும் சீவினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் சூடாகக் குடித்தால் வலி, பிறகு ராத்திரியில் தானாகவே வலி. கடைசியில் கேப்பின் உச்சியில் துளை போட்டு வேர் சிகிச்சை செய்தார்கள். சீவியதால்தான் நரம்பு செத்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. சொத்தையும் பழைய அடைப்பும் ஏற்கெனவே அதைப் படுத்தியிருக்கலாம். ஆனால் கேப்புக்காகச் சீவிய பற்களில் ஒரு பகுதி பின்னாளில் இப்படி வேர் சிகிச்சையில் போய் முடிவது பல் மருத்துவர்கள் அறிந்த விஷயம். வயது குறைந்தவர்களுக்குப் பல்லின் நடுவே உள்ள நரம்பறை பெரிதாக இருப்பதால் அங்கே கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

எவ்வளவு சீவுகிறார்கள் என்பதையும் ஒரு ஆய்வு எடை போட்டே பார்த்தது. 2002ல் வெளியான அதில், முழு கேப்புக்குத் தயார் செய்யும்போது ஈறுக்கு மேலுள்ள பல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை போய்விடுகிறது என்று தெரிந்தது. இன்லே, ஆன்லே வகைகளுக்கு இழப்பு அதைவிட வெகுவாகக் குறைவு. எனாமலுக்கு உயிரணு கிடையாது. முகட்டின் உச்சியில் அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் அந்தப் போர்வையைச் சீவி எறிந்தால் எறிந்ததுதான், திரும்ப வளராது.

ஆனால் கேப் நீண்ட நாள் உழைக்குமே என்பார்கள். எண்களைப் பார்த்தால் அந்த வாதம் அவ்வளவாக நிற்கவில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய தனிக் கேப்கள் ஐந்து ஆண்டில் சுமார் 95 சதவீதம் தாக்குப்பிடிப்பதாக ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. பீங்கான் இன்லே, ஆன்லேக்களைப் பற்றி 2016ல் வந்த தொகுப்பாய்வில் ஐந்து ஆண்டுக்கு 92 முதல் 95 சதவீதம், பத்து ஆண்டுக்கு 91 சதவீதம். ஏறத்தாழ ஒரே தராசுத் தட்டு.

வருடங்கள் சமமாக வரும்போது, வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: இது பழுதாகும்போது எப்படிப் பழுதாகும்? வாயில் வைக்கும் எதுவும் நிரந்தரம் இல்லை. ஆன்லே தோற்றால் பெரும்பாலும் ஒரு மூலை பெயரும், சில சமயம் ஒட்டு விட்டு மொத்தமாகக் கழன்று வரும். அதே தொகுப்பாய்வில் உடைசல் 4 சதவீதம், வேர் தொடர்பான சிக்கல் 3 சதவீதம், மறு சொத்தை 1 சதவீதம், கழன்று வருவது 1 சதவீதம். அடியில் பல் மிச்சம் இருப்பதால் இன்னொரு ஆன்லே வைக்கலாம்; முடியாவிட்டால் அப்போது கேப்புக்குப் போகலாம். கேப் தோற்கும் விதம் வேறு. அதன் விளிம்பு ஈறை ஒட்டியே ஓடுவதால் சொத்தை அடியில் மறைவாகவே வளரும், எக்ஸ்ரேயில்கூடக் கேப்பின் நிழல் மறைக்கும். ஏற்கெனவே சீவிக் குறுக்கிய பல் ஈறு மட்டத்தில் முறிந்து, கேப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், பிறகு பேச்சு பிடுங்குவதைப் பற்றித்தான். ஆன்லேயிலிருந்து கேப்புக்குப் போகலாம். கேப்பிலிருந்து ஆன்லேக்குத் திரும்ப வழியே இல்லை. என்னைப் பொறுத்தவரை முடிவை நிர்ணயிப்பது இந்த ஒருவழிப் பாதைதான்.

இதை வைத்துக் கேப்பே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஒட்டுவதை நம்பித்தான் ஆன்லேயின் பிழைப்பு ஓடுகிறது. விளிம்பில் சுற்றிலும் எனாமல் மிச்சமிருந்தால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். உடைசல் ஈறுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிட்டால் அங்கே எனாமல் இருக்காது, ஈரத்தையும் ரத்தத்தையும் தடுக்க முடியாது. அங்கே ஆன்லே ஒட்டுவது ஈரச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற மாதிரி. ஒரே ஒரு சுவர் மட்டும் நிற்கும் பல், ஏற்கெனவே கேப் போட்டுக் கழற்றிய பல், சுற்றிலும் சொத்தை பரவிய பல், இவற்றுக்கெல்லாம் கேப்தான் நியாயம்.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் தனி வகை. அதை வெறும் ஃபில்லிங்கோடு விட்டுவிடக் கூடாது. கேப் போடாமல் விட்ட பற்கள், போட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் பிடுங்கப்பட நேர்ந்தது என்று 2002ல் ஒரு ஆய்வு கண்டது. அதற்காகக் கேப் ஒன்றே கதி என்றும் இல்லை. முகடுகளை மூடுவதுதான் முக்கியம். சுவர்கள் ஓரளவு நின்றால் எல்லா முகடுகளையும் மூடும் ஆன்லே அந்த வேலையைச் செய்யும் என்று இப்போது பலர் செய்கிறார்கள். "வேர் சிகிச்சை ஆச்சு, அதனால கேப்" என்ற சூத்திரத்தை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம்.

தங்கமா, பீங்கானா?

1907ல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சிலை வார்ப்பவர்கள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு முறையில் தங்க இன்லே செய்து காட்டினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஆயுளில் தங்கத்தை முந்திய பொருள் இல்லை என்றே சொல்லலாம். 2004ல் வெளியான ஒரு மதிப்பாய்வில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பழுதாகிறது என்று பட்டியலிட்டார்கள்: தங்க இன்லே, ஆன்லே 1.4, பீங்கான் 1.9, நேரடிக் காம்போசிட் 2.2, காம்போசிட் இன்லே 2.9, அமல்கம் 3.0. வேறு வேறு வாய்கள், வேறு வேறு கைகள் என்பதால் பின்னத்துக்குப் பின்னம் ஒப்பிட வேண்டாம்; வரிசையை மட்டும் பாருங்கள். தங்கக் கலவை ஒரு மில்லிமீட்டர் தடிமனிலேயே தாங்கும், உடையாது, எதிர்ப்பல்லைத் தேய்க்காது. கடைசிக் கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் நிறத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறோம், விலை வேறு. செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

இன்று ஆன்லே என்றால் பெரும்பாலும் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான். இதில் ஒரு வேடிக்கை: இயந்திரத்தில் செதுக்கும்போது அது ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். உலையில் 850 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்ட பிறகுதான் பல் நிறத்துக்கு வந்து முழு பலத்தையும் அடைகிறது. என் பல்லின் நீலத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். பொம்மைக் கடையில் உதிர்ந்த துண்டு மாதிரி இருந்தது. இதை வாயில் வைக்கப் போகிறார்களா என்று கலங்கிப்போனேன். அரை மணி நேரத்துக்குள் அது பல்லாகி வந்தது.

சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வலுவானது என்பது உண்மை. ஆனால் அதில் கண்ணாடிச் சத்து இல்லாததால் அமிலம் அதை அரிக்காது, ஒட்டுவது கடினம். நான்கு பக்கமும் இறுகப் பிடித்து உட்காரும் கேப்புக்கு அது பொருத்தம். ஒட்டை மட்டும் நம்பி உட்காரும் ஆன்லேக்கு, வலுவைவிடப் பிடிப்பு முக்கியம். காம்போசிட்டால் செய்த ஆன்லே மலிவு, எதிர்ப்பல்லுக்கு மென்மை, மூலை பெயர்ந்தால் வாயிலேயே ஒட்டுப்போடலாம். ஆனால் சீக்கிரம் தேயும், பளபளப்பு போகும்.

ஒரே நாளில் முடியுமா?

முடியும். 1985 செப்டம்பரில் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மானும் பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினியும் கேமராவால் குழியை அளந்து, கணினியில் வடிவமைத்து, பக்கத்திலேயே பீங்கானைச் செதுக்கி முதல் நோயாளிக்கு இன்லே வைத்தார்கள். செரெக் என்ற அந்த முறையின் வாரிசுகள்தான் இன்றைய ஸ்கேனரும் செதுக்கும் இயந்திரமும். அந்த வசதி இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இல்லாத இடத்தில் அச்சு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒன்றிரண்டு வாரம் தற்காலிக அடைப்போடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் பல்லிடையில் நூல் விடும்போது மேலே தூக்கி எடுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். தூக்கினால் தற்காலிக அடைப்பும் கூடவே வந்துவிடும்.

தரத்தில் எது மேல்? ஆய்வக நிபுணரின் கை அழகில் முந்தும். ஒரே நாள் முறையில், வெட்டிய பல் கிருமிக்கும் கூச்சத்துக்கும் திறந்து கிடக்கும் காலம் இல்லை, இரண்டாவது ஊசியும் இல்லை. கடைவாய்ப் பல்லுக்கு நான் ஒரே நாள் முறையையே எடுப்பேன், இயந்திரம் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருந்தால்.

உண்மையில் நான் அதிகம் கவனிப்பது ஒட்டும் வேளையை. பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் திரையை மாட்டினார்கள். மூச்சு முட்டுமோ என்று பயந்தேன், முட்டவில்லை. அமிலம் கலந்த நீல ஜெல்லை எனாமலில் தடவி அரை நிமிடத்தில் கழுவி உலர்த்தியதும், பளபளத்த விளிம்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. அந்த வெளுப்புதான் ஒட்டுக்குப் பிடிமானம். ஆன்லேயின் உட்புறத்தை ஏற்கெனவே வேறொரு அமிலத்தால் அரித்து வைத்திருந்தார்கள். பசை தடவி, சிறு குச்சியின் நுனியில் ஒட்டிய துண்டை இறக்கி அழுத்தினார். ஓரமெல்லாம் பசை பிதுங்கியது. அதைத் துடைத்து, பல்லிடையில் நூல் விட்டு இழுத்து, அப்புறம்தான் ஒவ்வொரு பக்கமும் விளக்கடித்தார். இதில் எச்சில் ஒரு சொட்டு புகுந்தாலும் அவ்வளவு உழைப்பும் பாழ். ஆகவே, ரப்பர் திரையோ அதற்கு ஈடான ஏற்பாடோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. பீங்கான் எந்த நிறுவனத்துடையது என்ற கேள்வியைவிட இது பல மடங்கு உருப்படியான கேள்வி.

கடைசியில் வண்ணக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாய் சரியாகக் கடிக்காது. வீட்டுக்குப் போய் ஊசியின் வேகம் தெளிந்ததும், அந்தப் பக்கம் மட்டும் முதலில் இடிக்கிற மாதிரி இருந்தால் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தலைமுடியைவிட மெல்லிய மேட்டையும் பல் கண்டுபிடித்துவிடும். அந்த மேடுதான் பின்னாளில் பீங்கானை உடைப்பது. நான் மூன்றாம் நாள் திரும்பப் போனேன், இரண்டு நிமிடத் தேய்ப்பில் சரியானது. குளிர்ச்சிக்குக் கூசுவது சில வாரங்களில் குறைந்துவிடும். கூச்சம் போய்த் தானாக வலிக்க ஆரம்பித்தால் அது வேறு கதை, உடனே காட்ட வேண்டும்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவில் பற்களில் மாட்டிக்கொள்ளும் உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதை வைத்திருந்தாலும், தங்கத்தைத் தவிர, அந்தக் கடிக்கு ஒருநாள் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும். ஒருவேளை ஆன்லே முழுதாகக் கழன்று வந்துவிட்டால் விழுங்காமல் எடுத்து, கழுவி, சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். உடையாமல் இருந்தால் சுத்தம் செய்து அதையே மறுபடி ஒட்டிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் பசையைப் போட்டு நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கும்போது, இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எனாமலும் கூடவே போய்விடும்.